பெயருக்கு என்ன விலை?

சென்ற மாதச் சங்கக் கூட்டத்தில் கடைசி நேரத்தில் ஒரு விவாதம் எழுந்து, காபி ஆறிப் போகும் வரை நீண்டது. கடையைக் குத்தகைக்கு விடுகிறவர் பெயர்ப்பலகையையும் சேர்த்து விடலாமா, கூடாதா என்பதே அது. “இடத்தைத் தருகிறோம், சரி. பெயரை ஏன் தர வேண்டும்?” என்றார் ஒருவர். “பலகையில் இருப்பது நாலு எழுத்து. அதற்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்கிறான். வாங்கிக் கொள்ள வேண்டியதுதானே?” என்றார் மண்டி வைத்திருக்கும் இன்னொரு அன்பர். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது. நாம் மட்டும் வாய் திறக்கவில்லை. காரணம், அந்தக் கேள்வி ஏற்கெனவே நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

திருவாமாத்தூரில் நம் தந்தையார் தொடங்கிய மளிகைக் கடையை நாம் நடத்தி வருகிறோம். மூத்த மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான். இளையவனுக்குக் கல்லாவில் உட்கார மனமில்லை. இந்த நிலையில் வெளியூர்ப் பார்ட்டி ஒருவர் வந்து, “கடையைப் பெயரோடு கொடுங்கள்” என்று கேட்டார். இடத்துக்கு ஒரு தொகை, பெயருக்கு ஒரு தொகை. பெயருக்குச் சொன்ன தொகை இடத்துக்குச் சொன்னதைவிடக் கூடுதல். கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. இரவில்தான் தூக்கம் வரவில்லை.

அதே வாரம் தந்தையாரின் கைக்கடிகாரம் நின்று போயிற்று. காலையில் கடைக்கு விளக்கேற்றியதும் சாவி கொடுப்பது அவர் வழக்கம். அவருக்குப் பிறகு நம் வழக்கம். விழுப்புரத்தில் நமக்குப் பழக்கமான கடிகாரக்காரரிடம் கொண்டு போனோம். அவர் மூடியைத் திறந்து, கண்ணில் லென்சை மாட்டிக் கொண்டு, “முதலாளி, இது ஃபேவர் லூபா. வில்லு போயிருக்கு, அவ்வளவுதான். இதோட சாமான் பழைய மிஷின்லேர்ந்து எடுத்துப் போட்டுடலாம். இதை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துடாதீங்க” என்றார். “ஏன் பாய், அந்தக் கம்பெனி இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டோம். “பேரு இருக்கு” என்றார். அந்த ஒரு சொல்தான் இந்தக் கட்டுரைக்கு விதை.

நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஃபேவர் லூபாவைத் தெரியாமல் இராது. எச்.எம்.டி. வருவதற்கு முன்பு ஊரில் ஒரு பெரிய மனிதர் கையில் கடிகாரம் கட்டியிருந்தால் அது பெரும்பாலும் சுவிஸ் நாட்டுச் சரக்காகத்தான் இருக்கும். அதில் இந்தப் பெயர் முன் வரிசையில் நிற்கும். பிரெஞ்சு மொழியில் இதை வேறு மாதிரி உச்சரிப்பார்கள். நம் கடைத்தெருவில் ஃபேவர் லூபாதான், அப்படியே இருக்கட்டும்.

இந்த வீட்டாரின் கதை 1737-ல் தொடங்குகிறது. புதுவையில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு என்று வைத்துக் கொண்டால் காலம் நமக்குப் பிடிபடும். சுவிட்சர்லாந்தில் லெ லோக்ல் என்ற மலை ஊரில் அப்ரகாம் ஃபேவர் என்பவர் கடிகாரம் செய்பவர் என்று அந்த ஆண்டின் ஆவணம் ஒன்று சொல்லுகிறது. அந்தப் பக்கத்தில் குளிர்காலம் வந்தால் பனி மூடிவிடும், வயலில் வேலை இராது. குடியானவர்கள் சன்னலோரம் உட்கார்ந்து கடிகாரச் சில்லுகளை அரம் போட்டுத் தேய்த்துக் கொடுப்பார்கள். நம் ஊர்களில் தறி வீட்டுக்குள்ளேயே ஓடியது போல அங்கே கடிகாரம். 1815-ல் லூபா என்பவர் கூட்டுச் சேர, ஃபேவர் லூபா என்ற பெயர் பிறந்தது. பின்னால் ஃபிரிட்ஸ் ஃபேவர் லூபா குடும்பத்துப் பெண்ணையே மணந்து கொண்டார். கூட்டாளி சம்பந்தியாவது நம் பக்கத்து வழக்கம் மட்டும் இல்லை போலும்.

இந்த ஃபிரிட்ஸ் ஃபேவரை நம் வணிகர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் சரக்கைப் பெட்டியில் போட்டுத் துறைமுகத்து ஏஜெண்டுக்கு அனுப்பிவிட்டுப் பணம் வருகிறதா என்று பார்த்துக் கொண்டிருக்கலாம். இவர் அப்படி இருக்கவில்லை. தாமே பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். 1865-ல் இந்தியாவுக்கு வழி திறந்தார். அப்போது சூயஸ் கால்வாய் கூட இல்லை, அது திறந்தது 1869-ல். பம்பாயில் கடை வைத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று தலைமுறைக்கு மேலாக இந்தியச் சந்தை இவர்களுடைய முக்கியமான சந்தையாக இருந்தது. வாங்குகிறவன் இருக்கும் இடத்துக்குப் போய் அவன் முகத்தைப் பார்த்து விற்கிறவனுக்கும், தூரத்தில் இருந்து கணக்கைப் பார்த்து விற்கிறவனுக்கும் உள்ள வேறுபாடு, விழுப்புரம் மண்டியில் உளுந்து மூட்டையில் கையை விட்டுப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவர்களைப் பார்த்து வேறு சுவிஸ்காரர்களும் வந்தார்கள். 1886-ல் பம்பாயில் தொடங்கிய வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி தன் கடிகாரம் ஒன்றுக்கு ‘சவார்’ என்று பெயர் வைத்தது. குதிரை வீரன் என்று பொருள். பட்டாளத்துக்காரனும் ரயில்வேக்காரனும் கட்டப் போகும் கடிகாரத்துக்கு அவன் வாயில் வரும் பெயர்! 1930-களில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பை அதில் வைத்தார்கள். குதிரைச் சவாரியிலும் கெட்டுப் போகக் கூடாதல்லவா? நம் நாட்டுத் தூசியும் வெக்கையும் வியர்வையும் எப்படிப்பட்டவை என்பதை இங்கே கடை போட்ட பிறகுதான் அவர்கள் கற்றுக் கொண்டிருக்க வேண்டும்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். பெயரின் மதிப்பு எங்கே இருந்தது என்பது இதில்தான் தெரியும்.

சாவி கொடுக்கும் கடிகாரத்தின் உயிர் ஒரு சுருள்வில். அது ஒரு சிறு உருளைக்குள் சுருண்டு கிடக்கும். நாம் சாவி கொடுக்கும்போது இறுகும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து சில்லுகளைத் தள்ளும். இதில் ஒரு சங்கடம் உண்டு. இறுகி இருக்கும்போது வில்லுக்குப் பலம் அதிகம், விரிய விரியக் குறையும். அதனால் காலையில் ஒரு வேகம், மறுநாள் காலையில் ஒரு வேகம் என்று கடிகாரம் தடுமாறும். சம்பளம் வந்த வாரத்து வாடிக்கையாளரும் மாதக் கடைசி வாடிக்கையாளரும் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். வில்லைப் பெரிதாக்கினால் கடிகாரம் தடித்துவிடும். 1962-ல் ஃபேவர் லூபா வீட்டார் ஒரு வில்லுக்குப் பதில் இரண்டு வில்களை இரண்டு உருளைகளில் வைத்தார்கள். கடிகாரம் மெலிதாகவே இருந்தது. ஒரு முறை சாவி கொடுத்தால் 50 மணி நேரம் அளவுக்கு ஓடியது, ஓட்டமும் சீராக இருந்தது. சாதாரணக் கடிகாரம் ஒன்றரை நாளில் நின்றுவிடும். சனிக்கிழமை காலையில் சாவி கொடுத்தவர் ஞாயிறு மறந்துவிட்டாலும் திங்கள் காலையில் கடிகாரம் ஓடிக் கொண்டிருக்கும். யார் என்ன தவறு செய்வார்கள் என்று யோசித்துப் பார்த்துச் செய்த வேலை இது.

அதே 1962-ல் ‘பிவோவாக்’ என்ற கடிகாரத்தைக் கொண்டு வந்தார்கள். மலை ஏறுகிறவனுக்கு உயரம் காட்டும் கைக்கடிகாரம். அதற்கு முன் அப்படி ஒன்று கிடையாது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். காற்றை எடுத்துவிட்டு மூடிய மெல்லிய உலோகக் கூடு ஒன்றைக் கடிகாரத்துக்குள் வைத்தார்கள். வெளிக்காற்று குறைந்தால் கூடு உப்பும். உப்புவது ஒரு மயிரிழை அளவுதான். அந்த மயிரிழையை நெம்புகோல்கள் பெரிதாக்கி ஒரு முள்ளை நகர்த்தும். 3,000 மீட்டர் வரை உயரத்தை அதில் படிக்கலாம். காற்றழுத்தம் திடீரென்று இறங்கினால் புயல் வருகிறது என்றும் அறியலாம். எவரெஸ்டில் 1975-ல் கால் வைத்த முதல் பெண்மணி, ஜப்பானின் ஜுன்கோ தாபெய், இதைக் கட்டியிருந்தார் என்று நிறுவனத்தார் சொல்லிக் கொள்வார்கள்.

மேலே போனது போதாதென்று 1968-ல் கீழேயும் போனார்கள். ‘பாத்தி’ என்ற அந்தக் கடிகாரம் நீரில் மூழ்குகிறவனுக்கு நேரத்தோடு ஆழத்தையும் காட்டியது, 50 மீட்டர் வரை. அதன் பின்மூடியில் துளை வைத்தார்கள்! கடிகாரத்துக்குள் தண்ணீர் புகாமல் பார்ப்பதுதான் எல்லோருடைய தொழில். இவர்கள் பின்பக்கத்தில் தண்ணீரை உள்ளே வரவிட்டு, ஒரு மெல்லிய தகட்டை அது அழுத்தும்படி செய்து, அந்த அழுத்தத்தால் முள்ளை நகர்த்தினார்கள். தகட்டுக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஈரம் படாமல் ஓடியது. மின்சாரம் இல்லை, பாட்டரி இல்லை. வெறும் உலோகமும் கணக்கும்தான். நம் மேசைத் தராசைக் கழற்றிப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தப் புத்தியின் அருமை விளங்கும்.

நம் கருத்தில், ஃபேவர் லூபா என்ற பெயருக்கு மதிப்பு 1737-லிருந்து வரவில்லை. 1737 ஒரு கணக்கு, அவ்வளவுதான். 1865-ல் பெட்டி தூக்கிக் கொண்டு வந்தவரும், 1962-ல் இரண்டு வில் வைத்தவர்களும், 1968-ல் பின்மூடியில் துளை போட்டவர்களும் அந்தப் பெயருக்குச் சாவி கொடுத்தவர்கள். ‘தாத்தா காலத்துக் கடை’ என்று பலகையில் எழுதி வைத்திருக்கும் நாம், தாத்தாவுக்குப் பிறகு எந்த ஆண்டில் என்ன சேர்த்தோம் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். நாம் எழுதிப் பார்த்தோம். மின்னணுத் தராசு வாங்கியது, பாக்கெட் போடும் இயந்திரம் வாங்கியது, செல்போனில் பணம் வாங்க அட்டை மாட்டியது. மூன்றும் பிறர் செய்து முடித்து ஐந்தாறு ஆண்டு கழித்து நாம் செய்தவை. மல்லாட்டைப் பருவத்தில் பணம் நிலுவை வைத்து அறுவடைக்குப் பிறகு வாங்கும் வழக்கம் தந்தையார் ஏற்படுத்தியது. அது இன்றும் கடையைக் காப்பாற்றுகிறது. நாம் புதிதாக ஏற்படுத்தியது என்று சொல்ல ஒன்றும் எழுத வரவில்லை.

அப்படிப்பட்ட வீட்டார் எப்படி விழுந்தார்கள் என்று கேட்பீர்கள். சோம்பலால் விழவில்லை, ஏமாற்றியதாலும் விழவில்லை. 1969 டிசம்பர் 25-ல் ஜப்பானின் சைக்கோ கம்பெனி குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. சாவி கொடுக்கும் கடிகாரம் நொடிக்கு ஐந்து முறை ‘டிக்’ என்றால், குவார்ட்ஸ் கல் நொடிக்கு 32,768 முறை அதிரும். விலை போகப் போகச் சரிந்தது, நேரமோ பிசகவில்லை. வேடிக்கை என்னவென்றால், சுவிஸ்காரர்களே நியூஷாடெல் ஆய்வுக் கூடத்தில் 1967-ல் இதற்கு மாதிரி செய்து வைத்திருந்தார்கள். பத்துத் தலைமுறை வித்தையை ஒரு கல்லும் பாட்டரியும் தோற்கடிக்கும் என்று மனம் ஒப்பவில்லை. 1970-ல் ஏறத்தாழ 90,000 பேருக்குச் சோறு போட்ட சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980-களின் நடுவில் ஏறத்தாழ 30,000 பேர்தான் மிஞ்சினார்கள்.

நம் நாட்டிலும் வழி அடைபட்டிருந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இறக்குமதி இறுகியது. 1961-ல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை வந்தது. ஆக, பெரிய சந்தையும் போய், வித்தையும் விலை போகாமல், ஃபேவர் லூபா குடும்பம் எட்டுத் தலைமுறைக்குப் பிறகு 1980-களில் நிறுவனத்தைக் கைமாற்றியது.

அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு நேர்ந்ததுதான் நம் கூட்டத்து விவாதத்துக்குப் பொருந்துவது. பெயர் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிற்று, அங்கிருந்து வேறொரு கைக்கு. 2011-ல் அதை வாங்கியவர் யார் தெரியுமா? நம் ஓசூர் டைட்டன். தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டாவும் கூட்டாக 1984-ல் தொடங்கிய கம்பெனி. அதில் தனிப் பெரும் பங்குதாரர் இன்றும் டிட்கோதான். அப்படியானால் அந்தச் சுவிஸ் குடும்பத்துப் பெயரில் நம் அரசுக்கும், ஒரு வகையில் நமக்கும் சில ஆண்டுகள் பங்கு இருந்தது! விலை 20 இலட்சம் யூரோ என்று அப்போது செய்தி வந்தது. அன்றைய கணக்கில் பதினான்கு கோடி ரூபாய்க்குள். 274 ஆண்டுப் பெயர்! சென்னையில் பெரிய தெருவில் ஒரு கட்டடத்துக்குக் கூட அதைவிட அதிகம் கேட்பார்கள். டைட்டன் புதுக் கடிகாரங்கள் செய்து பார்த்தது, உயரம் காட்டும் பிவோவாக்கை 9,000 மீட்டர் வரை காட்டும்படி மறுபடியும் கொண்டு வந்தது. ஆனாலும் கட்டுப்படியாகாமல் சில ஆண்டுகளில் நிறுத்திக் கொண்டது. பிறகு கடிகாரச் சில்லறை வணிகத்தில் இருக்கும் ஈத்தோஸ் என்ற இந்தியக் கம்பெனியின் கிளை நிறுவனம் வாங்கி, 2024-ல் ஜெனீவாவில் மறுபடியும் அறிமுகம் செய்தது. நன்றாக நடக்கட்டும் என்று வாழ்த்துகிறோம். ஆனால் சுவிஸ் வீட்டார் இந்தியனிடம் விற்ற காலம் போய், இந்தியன் சுவிஸ் பெயரை வாங்கி உலகத்துக்கு விற்கும் காலம் வந்திருக்கிறது என்று மார் தட்டுகிறவர்கள், பெயர் மட்டும் வந்தால் உடனே வியாபாரம் வந்துவிடாது என்பதையும் இதே கதையில் பார்க்க வேண்டும்.

“அப்படியானால் குடும்பம் விட்டுவிட்டால் எல்லாம் போயிற்றா?” என்று கேட்கலாம். அப்படியும் சொல்வதற்கில்லை. ஜெனீவாவில் பாடெக் ஃபிலிப் என்று ஒரு கம்பெனி, 1839-ல் தொடங்கியது. 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் தத்தளித்தது. அதற்குக் கடிகார முகத் தகடு சப்ளை செய்து வந்தவர்கள் ஸ்டெர்ன் குடும்பத்தார். 1932-ல் அவர்களே கம்பெனியை வாங்கிவிட்டார்கள். சரக்குப் போட்டவன் கடையை வாங்கிய கதை! இன்றும் அந்தக் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது. தொடங்கியவர்களின் இரத்தம் இல்லை. ஆனால் வாங்கியவர்கள் அந்தப் பெயரின் வேலையையும் சேர்த்து எடுத்துக் கொண்டார்கள். எனவே நம் கேள்வி ‘யார் கையில் பெயர் இருக்கிறது’ என்பதல்ல, ‘பெயரோடு எதை எடுத்துக் கொண்டார்கள்’ என்பதுதான்.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் விற்கலாம் என்ற யோசனைக்குப் பேர் போனவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். குடும்பத்தின் ‘வெல்வெட்’ ஷாம்புவை நம் கடைகளில் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறோம். மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியேறி, 1983-ல் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கினார். பழைய பெயரை அவர் கேட்கவில்லை. தம் ஷாம்புவுக்கு ‘சிக்’ என்று பெயரிட்டார். தந்தையார் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தது மூத்த கடைக்காரர்களுக்கு நினைவிருக்கும். காலிப் பாக்கெட்டை எண்ணி எண்ணிச் சலித்தவர்களில் நாமும் ஒருவர். பலகையை விட்டுவிட்டு, தந்தையின் புத்தியை எடுத்துக் கொண்டு போன மகன் அவர்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். இணையத்தில் இன்று பழைய ஃபேவர் லூபா, எச்.எம்.டி. என்று மலிவாகக் கடிகாரங்கள் விற்கிறார்கள். முகம் பளபளக்கும். விழுப்புரம் கடிகாரக்காரர் அப்படி ஒன்றை நமக்குத் திறந்து காட்டினார். இரண்டு மூன்று கடிகாரங்களின் உள்ளுறுப்புகளைச் சேர்த்து, முகத்துக்குப் புதுச் சாயம் அடித்து, கம்பெனியார் எந்தக் காலத்திலும் செய்யாத நிறத்தில் பெயரை அச்சிட்டிருந்தது. “பேரு உண்மை, முதலாளி. கடிகாரம்தான் பொய்” என்றார்.

அதைக் கேட்டதும் நம் ஊர் வட்டப்பாறை நினைவுக்கு வந்தது. திருவாமாத்தூர்க் கோயிலில் வட்டப்பாறை முன் நின்று பொய்ச் சத்தியம் செய்ய இந்த வட்டாரத்தில் இன்றும் ஆள் துணியமாட்டான். கடன் வழக்குகள் அங்கே தீர்ந்திருக்கின்றன. ஊரில் சொல்லும் கதை ஒன்று உண்டு. விதம் விதமாகச் சொல்வார்கள். அண்ணன் தம்பிக்குள் பணத் தகராறு. பணத்தைத் தன் கைத்தடியின் குடைவில் மறைத்து வைத்திருந்த அண்ணன், “கொஞ்சம் பிடி” என்று தடியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, “உன் பணம் என்னிடம் இல்லை” என்று பாறையில் கை வைத்துச் சொன்னான். அந்த நிமிடத்தில் சொல் உண்மைதான், பணம் தம்பி கையில் அல்லவா இருக்கிறது! தப்பித்தோம் என்று நடந்தவனைப் போகிற வழியில் பாம்பு தீண்டியது என்பார்கள். பலகையில் ஒரு பெயர், உள்ளே வேறொரு வியாபாரம் என்பது அந்தத் தடிக்கு அண்ணன் தம்பி முறை.

ஆகவே சங்கத்துக்கு நம் யோசனை இது. பெயரைக் குத்தகைக்கு விடவே கூடாது என்று தீர்மானம் போடுவது வீண். பிள்ளைகள் வரமாட்டார்கள், வயது ஏறுகிறது, வந்த பணத்தை யாரும் விடமாட்டார்கள். அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்கு. ஆனால் பெயரைத் தருகிறவர் அதன் வேலையையும் எழுதிக் கொடுத்து, எடுக்கிறவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பழுதான சரக்கு திரும்பி வந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தர வேண்டும். அறுவடை நிலுவைக்காரரின் பழைய பற்று வரவு அப்படியே தொடர வேண்டும். தராசுக்கு முத்திரை காலம் தவறக் கூடாது. இவற்றில் ஒன்று பிசகினால் பலகை இறங்கிவிட வேண்டும். இதற்கு ஒரு மாதிரிப் பத்திரம் சங்கமே வழக்கறிஞரை வைத்துத் தயாரித்தால் எல்லோருக்கும் உதவும். கடைப் பெயரைச் சட்டப்படி வணிகக் குறியாகப் பதிவு செய்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய பதிவு அது. பதிவே செய்யாத பெயரை விற்கலாமா கூடாதா என்று காபி ஆறும் வரை நாம் வாதாடிக் கொண்டிருக்கிறோம். நம் கடைக்கும் பதிவு இல்லை. ஒப்புக் கொள்கிறோம்.

மண்டிக்கார அன்பர் இதைப் படித்துவிட்டு, “இவ்வளவு நிபந்தனை போட்டால் எவன் வருவான்?” என்று கேட்பார். வராவிட்டால் இடத்துக்கு மட்டும் வாடகை பேசலாம், பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஃபேவர் லூபா குடும்பத்தார் நிறுவனத்தை விற்றபோது, பெயர் பின்னால் எந்தெந்தக் கைக்குப் போகும் என்பது அவர்கள் வசம் இல்லாமல் போயிற்று. அவர்கள் கடனுக்கும் நெருக்கடிக்கும் நடுவில் விற்றார்கள், அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? நமக்கு அந்த நெருக்கடி இன்னும் வரவில்லை. யோசிக்க நேரம் இருக்கும்போதே எழுதி வைப்பது நல்லது.

நம்மைக் கேட்ட பார்ட்டியிடம் இந்த நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். நிலுவைக்காரர் பட்டியலைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனார். மூன்று வாரம் ஆயிற்று, பதில் இல்லை. இளையவன் அந்தத் தாளை எடுத்துப் படித்துவிட்டு, “நிலுவைக்காரங்க இத்தனை பேரா அப்பா?” என்று கேட்டான். அந்தப் பேரேட்டை அவன் திறந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடிகாரம் வந்துவிட்டது. நாளைக்கு இரண்டு நிமிடம் முந்துகிறது. அடுத்த முறை விழுப்புரம் வரும்போது கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் பாய்.